இவெட் நின்ற இடம்

ஜோலின் குச்செராவை யாரும் அழைக்கவில்லை. லூப் வேலி பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆள் தேடிப் போகிறவர்கள் ஒமாஹாவுக்குப் போவார்கள், லிங்கனுக்குப் போவார்கள், மாநில எல்லை தாண்டிக் கான்சஸ் சிட்டி வரைக்கும் போவார்கள். ஹாவ்லிக் பக்கம் எவரும் வண்டியைத் திருப்பியதில்லை. ஒரு தானியக் கிடங்கு, ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், மூடிக் கிடக்கும் ஒரு வங்கி. ஊர் அவ்வளவுதான். அவளோடு பள்ளி முடித்தவர்கள் பதினான்கு பேர். அதில் பெண்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேருமே பள்ளி அணியில் ஆடினார்கள். ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கு ஆட்டமே கிடையாது.

1990ஆம் வருடம் மண்ணியல் படிக்க அவள் லூப் வேலிக்கு வந்தாள். அக்டோபர் முதல் வாரம் ஜிம் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: அணியில் சேர விரும்பும் மாணவிகள் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வரலாம். ஒன்பது பேர் வந்தார்கள். கோச் மார்வா டெட்ரிக் அவர்களுக்கு முதலில் பந்தையே காட்டவில்லை. முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். இரண்டு பேர் பாதியிலேயே வெளியே போனார்கள். ஒருத்தி குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகுதான் பந்து வந்தது. எட்டு மணி ஆவதற்குள் டெட்ரிக் ஜோலினைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உயரம் எவ்வளவு?"

"அஞ்சடி பதினோரு அங்குலம், கோச்."

"எந்த ஊரு?"

"ஹாவ்லிக்."

"அது எங்க இருக்கு?"

ஜோலின் கையை நீட்டி வடக்குப் பக்கம் காட்டினாள். அந்தப் பக்கம் இருந்தது ஜிம்மின் சுவர். டெட்ரிக் அதை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "இடம் தரேன். ஆட்டம் தருவேன்னு சொல்ல மாட்டேன். ஸ்காலர்ஷிப் கிடையாது. வெளியூர் போற பஸ்ல சீட் இருந்தா வரலாம், இல்லன்னா இல்ல. என்னிக்கு வேணாலும் நீ நின்னுக்கலாம், ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. புரியுதா?"

"புரியுது, கோச்."

"முக்காவாசிப் பேர் கிறிஸ்துமஸுக்குள்ள போயிடுவாங்க."

இப்படி அழைப்பில்லாமல் தானாக நடந்துவந்து சேர்கிறவர்களுக்கு அங்கே வாக்-ஆன் என்று பெயர். அன்று மாலை விடுதியின் கூடத்தில் இருந்த ஃபோனில் வீட்டுக்குச் செய்தி சொன்னாள். அவள் அப்பா எமில்தான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். சோள அறுவடை நேரம். குரலிலேயே தூசி இருந்தது.

"அவங்க வந்து கேட்டாங்களா?"

"இல்லப்பா. நானா போனேன்."

"சாப்பாடு போடுவாங்களா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு?"

"ஆடணும் போல இருக்கு," என்றாள்.

"சரி," என்றார் எமில். அதற்கு மேல் அவர் அதைப் பற்றி எப்போதும் கேட்டதில்லை.

பயிற்சி முடிந்ததும் அணிக்குத் தனி உணவறையில் சாப்பாடு உண்டு. இறைச்சி வாட்டிய வாசனை படிக்கட்டு வரைக்கும் வரும். ஆனால் விதிப்படி அது ஸ்காலர்ஷிப் உள்ளவர்களுக்கு மட்டும். படிக்கட்டுக்குக் கீழே மற்றவர்கள் இடப்பக்கம் திரும்புவார்கள். ஜோலின் வலப்பக்கம் திரும்பி விடுதிச் சமையலறைக்குப் போவாள். அங்கே அவளுக்குத் தட்டுக் கழுவும் வேலை. முதல் மாதம் தோழிகள் தயங்கி நின்று, "நாளைக்குப் பாக்கலாம்டி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு அதுவும் பழகிப்போனது. பேச்சை நிறுத்தாமலே திரும்பினார்கள்.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ஜோலின் போகவில்லை.

அணியில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அடுத்து வரப்போகும் எதிரணியில் யார் பலசாலியோ பயிற்சியில் அவளாக ஜோலின் மாற வேண்டும். டெட்ரிக் வீடியோ டேப்பைக் கொடுப்பார். மண்ணியல் பாடத்துக்கு நடுவே ஜோலின் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். எதிராளி பந்தை வாங்கும்போது எந்தத் தோள் முதலில் இறங்குகிறது, களைத்தால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறாள், கோபம் வந்தால் என்ன செய்கிறாள். பயிற்சியில் முதல் அணி சிவப்பில் நிற்கும், ஜோலினும் மற்ற உதிரிகளும் சாம்பல் நிறத்தில். செவ்வாய்க்கிழமை அவள் வைச்சிட்டாவிலிருந்து வரும் இடக்கைக்காரி. வெள்ளிக்கிழமை டென்வரிலிருந்து வரும் ஆறடிக்காரி. இதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று டெட்ரிக்கே சொன்னார். ஒருநாள் பயிற்சி முடிந்து பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் சும்மா கேட்டார்: "ஆமா, நீ எப்படி ஆடுவே? உன் ஆட்டம் எது?" ஜோலின் சிரித்து மழுப்பினாள். விடுதிக்கு நடந்து போகும்போது யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

எமிலும் அவள் அம்மா ஆர்லீனும் உள்ளூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தார்கள். மகள் பெஞ்சின் கடைக்கோடியில் உட்கார்ந்து கைதட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். முதல் இரண்டு வருடத்தில் அவள் மைதானத்தில் நின்றது மொத்தம் பத்தொன்பது நிமிடம். எல்லாம் ஆட்டம் கைவிட்டுப் போனபிறகோ கைக்கு வந்து முடிந்தபிறகோ கிடைத்த நிமிடங்கள்.

அந்த அணியின் உயிர் இவெட் கெய்ன்ஸ். கான்சஸ் சிட்டிக்காரி; ஜோலினுக்கு ஒரு வருடம் மூத்தவள். அம்மா ஒடெஸா நகரப் பேருந்து ஓட்டுநர். இவெட் குதித்தால் மற்றவர்கள் இறங்கிய பிறகும் மேலேயே இருப்பாள், பிறகு சாவகாசமாகப் பந்தை விடுவாள். அவளைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து விவசாயிகள் குடும்பத்தோடு வருவார்கள். அவள் வாயும் ஆட்டத்துக்குச் சளைத்ததல்ல. ஜோலினுக்கு முதல் வாரமே 'டிராக்டர்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"டிராக்டர், இன்னிக்கு நீ யாருடி?"

"டென்வர் நாப்பத்திரண்டாம் நம்பர்."

"அவ போன வாரத்துக்காரி மாதிரி நாறுவாளா, இல்ல குளிச்சிட்டு வருவாளா?"

ஜோலினுக்கு அவளைப் பிடிக்கும். அணியில் மற்ற யாரையும் விட இவெட்டின் ஆட்டத்தைத்தான் அவள் அதிகம் பார்த்திருந்தாள். தினமும் இவெட்டைத் தடுக்க நின்றவள் ஜோலின்தானே.

ஜோலினின் மூன்றாம் வருடம், 1993 ஜனவரி. இவெட்டுக்கு அது கடைசி ஆண்டு. அணி பதினான்கு ஆட்டத்தில் பன்னிரண்டு வென்றிருந்தது. இத்தாலியில் ஒரு கிளப்பிலிருந்து இவெட்டுக்குக் கடிதம் வந்தது: படிப்பு முடிந்ததும் வந்து ஆடலாம். அந்தக் காலத்தில் பெண்களுக்குக் கல்லூரிக்குப் பிறகு ஆட்டம் என்றால் கடல் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு புதன்கிழமை மத்தியானம், பயிற்சிக்கு முன் உடை மாற்றும் அறையில், அவள் கடிதத்தைத் தலைக்கு மேலே பிடித்து வாசித்துக் காட்டினாள். எல்லோரும் கூச்சலிட்டார்கள். சந்தோஷத்தில் அவளுக்கு யாரையாவது சீண்ட வேண்டும் போலிருந்தது. ஷூக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஜோலின் கண்ணில் பட்டாள்.

"டிராக்டர், நான் போயிட்டா நீ யாரடி தடுப்ப? மூணு வருஷமா இங்க கிடந்து என்னத்தக் கண்ட? ஊர்ல உன் பேரச் சொன்னா, யாரு, அந்தப் பெஞ்சு தொடைக்கிறவளான்னு கேப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஜோலினும் சிரித்தாள். இவெட் அப்போதே வேறு எதையோ பேசப் போய்விட்டாள். கயிற்றை ஜோலின் இரண்டு முறை கட்டினாள்.

அன்றைக்கு அவள் ஏற்க வேண்டிய எதிராளி தள்ளுமுள்ளுக்குப் பேர்போனவள். டெட்ரிக் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "குச்செரா, அவ எப்படி இடிப்பாளோ அப்படியே இடி. தயவு பாக்காத. அந்த ஊர் ரெஃப்ரி விசில் ஊத மாட்டான். இவெட்டுக்கு இன்னிக்கே அது பழகணும்."

இடித்தாள். இவெட் அவள் தலைக்கு மேலாகவே நான்கு முறை பந்தைப் போட்டாள். நான்காவது முறை இறங்கும்போது காதருகில், "பெஞ்சு தொடைச்சாச்சா?" என்றாள். ஐந்தாவது முறை இவெட் இடப்பக்கம் ஒரு பாசாங்கு காட்டிவிட்டு நேராக எழும்பினாள். எழும்பப் போகிறாள் என்று ஜோலினுக்கு ஒரு கணம் முன்பே தெரியும். கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். இவெட் காற்றில் இருந்தாள். ஜோலின் அங்கேயே நின்றிருக்கலாம். இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

இவெட்டின் வலது கால் ஜோலினின் பாதத்தின் மேல் இறங்கிப் புரண்டது. முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. ஈரத் துணியைக் கிழித்ததுபோல ஒரு சத்தம். ஜிம்மில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பந்து வலைக்குள் விழுந்து குதித்துக் குதித்துச் சுவரோரம் போய் நின்றது. இவெட் கத்தவில்லை. தரையைக் கையால் தட்டிக்கொண்டே, "இல்ல, இல்ல, இல்ல," என்று சொன்னாள்.

அணிக்கு வைத்தியம் பார்ப்பவர் ஓடிவந்து குனிந்தார். டெட்ரிக் வந்து பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு விசிலை ஊதினார். "எல்லாரும் அந்தப் பக்க வளையத்துக்குப் போங்க. பயிற்சி நிக்கக் கூடாது." பெண்கள் அழுதுகொண்டே நடந்தார்கள். ஜோலின் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"குச்செரா. சிவப்பு போட்டுக்கோ. இவெட் இடத்துல நில்லு. அவ ஆட்டம் உனக்குத்தான் தெரியும்."

அப்படித்தான் ஆயிற்று. ஜிம்மின் ஒரு கோடியில் இவெட்டை மரப்பலகையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மறு கோடியில் ஜோலின் இவெட்டாக ஆடினாள். எங்கே நிற்க வேண்டும், எப்போது சட்டென்று வெட்டித் திரும்பி ஓட வேண்டும், பந்து எந்தக் கையில் வரும், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த அரைமணி நேரத்தில் அவள் ஒரு தவறும் செய்யவில்லை.

மறுநாள் காலை அவள் டெட்ரிக்கின் அறைக்குப் போனாள்.

"கோச், நேத்து நான் ஒரு அடி கூடுதலா போனேன்."

"நான்தானே போகச் சொன்னேன்."

"நீங்க இடிக்கச் சொன்னீங்க. அவ காத்துல இருக்கறப்ப கீழ போய் நிக்கச் சொல்லல."

டெட்ரிக் பேனாவை மூடி வைத்தார். "வேணும்னு செஞ்சியா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"அதுக்கு முன்னாடி எனக்குக் கோவம் இருந்தது. அது தெரியும். கால் போனது தெரியும். ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துதுன்னுதான் தெரியல."

ஜன்னலுக்கு வெளியே யாரோ காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். டெட்ரிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சனிக்கிழமைக்கு எனக்கு எட்டு பேர்தான். அதுல ஒருத்திக்குக் காய்ச்சல். நீ ஆடற. மத்தத யார்கிட்ட சொல்லணுமோ அவகிட்ட போய்ச் சொல்லு. எங்கிட்ட வேணாம்."

சனிக்கிழமை ஜோலின் பதினாறு நிமிடம் ஆடினாள். ஆறு புள்ளி எடுத்தாள். மூன்று முறை பந்து போட்டாள், மூன்றும் இவெட்டின் ஆட்டம். அறிவிப்பாளர் அவள் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோது, "ஹாவ்லிக்கைச் சேர்ந்த" என்று ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னார். ஆர்லீன் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எமில் எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை. அணி நான்கு புள்ளியில் ஜெயித்தது. ஆட்டம் முடிந்து பெற்றோர் கட்டிப்பிடித்தபோது ஜோலின் விறைத்து நின்றாள். களைப்பு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஒமாஹாவில் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது நாள் கழித்து இவெட் விடுதி அறைக்குத் திரும்பினாள். ஆர்லீன் சுட்டுக் கொடுத்த கசகசா வைத்த கோலாச்சி இனிப்பு ரொட்டி ஒரு பெட்டி நிறைய இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜோலின் போனாள். இவெட்டின் காலை ஓர் இயந்திரம் மெல்ல மடக்கி மெல்ல நீட்டிக்கொண்டிருந்தது. ஜோலின் உட்காரவில்லை. கோச்சிடம் சொன்னதை அப்படியே சொன்னாள்.

இவெட் கூரையைப் பார்த்தபடி கேட்டாள்: "வேணும்னு செஞ்சியா, இல்லையா?"

"தெரியல, இவெட்."

"தெரியலன்னு ஒரு பதிலா? ஆமான்னு சொல்லு, உன்ன வெறுக்கறேன். இல்லன்னு சொல்லு, தலையெழுத்துன்னு விட்டுடறேன். தெரியலன்னா நான் அத வச்சுக்கிட்டு என்னடி பண்றது?"

ஜோலின் ரொட்டிப் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"போ. கதவச் சாத்திட்டுப் போ. ரொட்டிய வச்சிட்டுப் போ, பசிக்குது."

மார்ச் மாதம் நடந்த கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் அணி முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்கு வந்தது. அதற்குள் இத்தாலிக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள் என்று இரண்டு வரியில் கடிதம் வந்திருந்தது.

இதற்கிடையே இவெட் தினமும் காலை ஏழு மணிக்கு நகரின் மறுகோடியில் இருந்த சிகிச்சை நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. தெருவெல்லாம் உறைபனி, ஊன்றுகோலில் பஸ் ஏற முடியாது. அணியில் சொந்த வண்டி இருந்தவள் ஜோலின் ஒருத்திதான். எமில் ஓட்டித் தேய்த்த பழைய பிக்கப். கூட்டிப்போகட்டுமா என்று ஜோலினே போய்க் கேட்டாள். இவெட் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"எனக்கு வண்டி வேணும். நீ வேணாம். ரெண்டும் சேர்ந்துதான் வரும்னா வா. ஆனா பேசாத."

மூன்று மாதம் போனார்கள். முதல் மூன்று வாரம் ஒரு வார்த்தை கிடையாது. ஹீட்டர் சத்தமும், பன்றி விலை சொல்லும் ரேடியோவும்தான். நான்காவது வாரம் ஒருநாள் இவெட் கையை நீட்டி ரேடியோவை அணைத்தாள். "இன்னொரு தடவ பன்னி வில கேட்டேன்னா குதிச்சிடுவேன். இருக்கற ஒரு காலும் போகட்டும்." ஜோலினுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கலாமா என்று தெரியாமல் அடக்கினாள். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. முழங்காலைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. சிகிச்சை அறையில் இவெட் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்குவாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஜோலின் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மார்ச் கடைசியில் ஒடெஸா கெய்ன்ஸ் நான்கு நாள் விடுப்பில் மகளைப் பார்க்க வந்தார். காலையில் மூன்று பேரும் பிக்கப்பின் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒடெஸா நடுவில்.

"நீதான் அந்தப் பொண்ணா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

ஒடெஸா மேலே எதுவும் கேட்கவில்லை. இரண்டு தெரு போனதும் சொன்னார்: "ஸ்டியரிங்க இவ்வளவு இறுக்கிப் பிடிச்சா வண்டி எப்படித் திரும்பும்? விடு. சிக்னலுக்கு நூறடி முன்னாடியே காலை எடுத்துடு. பனியில பிரேக்க நம்பக்கூடாது."

நான்கு நாளும் அவர் சொன்னது அவ்வளவுதான். ஐந்தாம் நாள் ஜோலின் அவரைப் பஸ் நிலையத்தில் கொண்டுவிட்டாள். ஒடெஸா பையை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "ஏழு மணின்னா ஆறே முக்காலுக்கே கீழ வந்து நிக்கறியாமே, இவெட் சொன்னா," என்றார். பிறகு ஏறிப் போய்விட்டார்.

மே மாதம் டெட்ரிக் ஜோலினைக் கூப்பிட்டார். இவெட் படிப்பு முடித்துப் போகிறாள். அவள் ஸ்காலர்ஷிப் காலியாகிறது. கடைசி வருடத்துக்கு அதை ஜோலினுக்குத் தரலாம் என்று முடிவு. மற்ற வாக்-ஆன்கள் இதைக் கேட்டால் சந்தோஷத்தில் தரையில் உருண்டு அழுவார்கள். ஜோலின் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். டெட்ரிக் அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

மறுநாள் காலை வண்டியில் இவெட்டிடம் சொன்னாள். "நான் வாங்கிக்கப் போறதில்ல."

"ஏன்?"

"எப்படி வாங்கறது?"

"நீ வேணாம்னா என் கால் எனக்குத் திரும்பி வந்துடுமா?" இவெட்டின் குரல் உயரவில்லை. "வாங்கிக்கோடி. மூணு வருஷம் தட்டு கழுவினே. ஆனா ஒண்ணு. அத வாங்கிக்கிட்டு எங்கிட்ட வந்து அழாத. அழுகைய எங்கயாவது வயல்ல போய் வச்சுக்கோ. எனக்கு என் அழுகையே இருக்கு."

ஜோலின் வாங்கிக்கொண்டாள். அந்த இலையுதிர் காலத்தில் முதல்முறையாக மற்றவர்களோடு படிக்கட்டுக்குக் கீழே இடப்பக்கம் திரும்பினாள். தட்டில் இறைச்சியும் வெண்ணெய் உருகிய உருளைக்கிழங்கும் வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

அந்த வருடம் அவள் அதிகம் ஆடியிருக்க வேண்டும். ஆடவில்லை. பந்தைப் போட எழும்புகிறவள் எதிரே வந்தால் ஜோலின் ஒரு கை தூரம் விட்டே நின்றாள். டெட்ரிக் விசில் ஊதினார், கத்தினார், தோளைப் பிடித்து முன்னால் தள்ளியும் பார்த்தார். "நெருங்கு, குச்செரா. இவ்வளவு இடம் விட்டா என் பாட்டியே பந்தப் போட்டுடுவா." தலையாட்டுவாள். அடுத்த முறையும் அதே தூரம்தான். நவம்பர் முடிவதற்குள் டெட்ரிக் கத்துவதை நிறுத்திவிட்டார். எதிராளியாக நடிக்கும் வேலையையும் புதிதாக வந்த ஒருத்திக்குக் கொடுத்தார். ஜோலின் பெஞ்சின் கடைக்கோடிக்குத் திரும்பிப் போனாள். கடைசி உள்ளூர் ஆட்டத்தில் அவளுக்கு ஒரு ரோஜாவும் மூன்று நிமிடமும் கொடுத்தார்கள். எமிலும் ஆர்லீனும் மைதானத்துக்குள் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மகளுக்குள் ஏதோ நின்றுபோனது எமிலுக்குத் தெரிந்திருந்தது. திரும்பும்போது வண்டிக்கருகே, "நல்லா நின்ன," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஜோலின் மாவட்ட மண்வளத் துறையில் சேர்ந்தாள். வயல் வயலாகப் போய்க் குழி தோண்டி மண்ணை விரலில் நசுக்கிப் பார்த்து வரைபடம் போடும் வேலை. கால்நடைத் தீவன வியாபாரி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆறு வருடம் ஓடியது, பிறகு இருவரும் சண்டையில்லாமல் பிரிந்தார்கள். இவெட் இரண்டு வருடம் காலைத் தேற்றிக்கொண்டு இத்தாலிக்குப் போனாள். மூன்றாம் வாரமே முழங்கால் வீங்கித் திரும்பினாள். பிறகு சுருக்கெழுத்து இயந்திரம் கற்றுக்கொண்டு கான்சஸ் சிட்டி நீதிமன்றத்தில் வேலைக்கு அமர்ந்தாள். ஜோலின் வருடம் ஒரு கடிதம் எழுதுவாள். இவெட் எப்போதாவது ஓர் அட்டையில் இரண்டு வரி போடுவாள்.

2007ஆம் வருடம் டெட்ரிக் ஓய்வு பெற்றார். அறையைக் காலி செய்தவர் ஒரு பொட்டலத்தை ஜோலினுக்கு அனுப்பினார். உள்ளே ஒரு வீடியோ டேப். மேலே அந்தப் புதன்கிழமையின் தேதி. பயிற்சிகளைக் கூரைப் பக்கத்திலிருந்து படம் பிடிக்கும் வழக்கம் அப்போது இருந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: 'நான் இதைப் பார்க்கவில்லை. எறியவும் மனம் வரவில்லை.'

டேப் இரண்டு வாரம் சமையலறை அலமாரியில் கிடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜோலின் அதை எடுத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டினாள். இவெட்டின் வீட்டு வாசலில் நின்று நீட்டினாள்.

"என்னடி இது?"

"அன்னிக்கு எடுத்தது. நான் பாக்கல. உன்னோடது, நீதான் பாக்கணும்."

இவெட் தேதியைப் படித்தாள். உடம்பு கொஞ்சம் பருத்திருந்தது. படியிறங்கும்போது வலது காலைத் தனியாகக் கவனித்து வைத்தாள். ஜோலினைச் சமையலறையில் உட்காரச் சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காப்பி ஆறிப்போனது. சுவருக்கு அப்பால் ஷூ கிரீச்சிடும் சத்தம், விசில், பிறகு டேப் பின்னால் சுற்றும் சத்தம். மறுபடி ஷூ, விசில், மறுபடி சுற்றல். ஜோலின் எண்ண வேண்டாம் என்று நினைத்தும் எண்ணினாள். பதினொரு முறை.

கதவு திறந்தது. இவெட்டின் கண் சிவந்திருந்தது.

"அவ்வளவு உயரமா போயிருக்கேன்," என்றாள். "எனக்கு மறந்தே போச்சு. அவ்வளவு உயரம்."

ஜோலின் ஆறிய காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"உன் கால நான் பாக்கவே இல்லடி. என்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். வா. நீயும் பாரு."

அருகருகே உட்கார்ந்தார்கள். திரையில் புள்ளி புள்ளியாக ஒரு மங்கல் ஜிம். ஒல்லியான இரண்டு பெண்கள். சிவப்பு எழும்பியது, சாம்பல் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தது. நின்றது. தெளிவாக நின்றது. பிறகு இன்னும் ஓர் அடி வைத்தது.

இவெட் படத்தை நிறுத்தினாள்.

"நின்னுட்டுத்தான் போனேன்," என்றாள் ஜோலின். "வேணும்னுதான்."

"ம்."

"பதினாலு வருஷம் தெரியலன்னு சொன்னேன்."

"எனக்குத் தெரியும்டி. இறங்கறப்பவே தெரியும். உன் முகத்தப் பாத்துட்டுத்தான் விழுந்தேன்." இவெட் வலது முழங்காலைக் கையால் மெல்லத் தேய்த்துக்கொண்டாள். "மூணு மாசம் உன் வண்டியில வந்தேனே, தெரியாமயா வந்தேன்?"

"எதுக்கு வந்த?"

"நடக்கணுமே. வேற வண்டி இல்ல."

ஜோலின் அழுதாள். இவெட் அவளைத் தொடவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தானை அமுக்கிப் படத்தை ஓடவிட்டாள். கேமரா தடுமாறி மறு வளையத்துக்குத் திரும்பியது. அங்கே சிவப்பில் ஜோலின் ஓடினாள், வெட்டித் திரும்பினாள், பந்தை வாங்கினாள்.

"இது என் ஆட்டமாடி?" என்றாள் இவெட். "முழங்கை எங்க போகுது பாரு. கோழி றெக்கை மாதிரி. நான் இப்படியா போடுவேன்?"

"அப்படித்தான் போட்ட."

"பொய் சொல்லாத. பின்னால சுத்து, பாக்கலாம்."

சுற்றிப் பார்த்தார்கள். பயிற்சி முடிய இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. முழுவதையும் பார்த்தார்கள். இவெட் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் திரை வெறும் நீலமாக ஆனபோது வெளியே வெயில் இறங்கியிருந்தது.

டேப்பை இவெட் வைத்துக்கொண்டாள். ஜோலின் அன்று சோபாவில் படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்பினாள். செவ்வாய்க்கிழமை வடக்கே ஒரு வயலில் குழி தோண்ட வேண்டியிருந்தது. வாசலில் இவெட் சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள்.

"இனிமே கடிதாசி எழுதாத," என்றாள். "ஃபோன் பண்ணு."